நத்தைக்கல் இந்த வருஷம் யார் முறை

ஏற்காட்டில் ஓடுகிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. கிளியூர்ப் பக்கம் ஒரு சரிவில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே விறகுக்கட்டோடு வந்த ஓர் அம்மா, கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு, "ஏனுங்க சார், ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். "அப்பறம் எதுக்குங்க இப்படி ஓடறீங்க?" என்றார். பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை.

மறுநாள் வெள்ளக்கடைப் பக்கம் ஒருவர் என் அருகில் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க சார், எங்க போகோணும்னு சொல்லுங்க, உட்டுட்டுப் போறேன்" என்றார். வேண்டாம் என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் ஓட ஓட, அவர் முதல் கியரில் பக்கத்திலேயே வந்தார். கடைசியில் அவருடைய மனநிம்மதிக்காக ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் ஓடியதில் பாதி அவருடைய பெட்ரோல்.

நான் இங்கே ஒரு பள்ளியில் உயிரியல் வாத்தியார். ஐம்பதாவது வயதில் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஓடினேன். சர்க்கரையை மறந்து, ஓட்டத்துக்காகவே ஓடுகிற நிலைக்கு வர மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொட்டச்சேடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ஒரு பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், இன்னொரு பக்கம் பள்ளம். மார்கழிக் காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பழம் பறிக்கிறவர்களின் பேச்சு மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்கும். இறக்கத்தில் கால்கள் தானாகப் போகும்போது எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வரும். சிரித்தும் இருக்கிறேன். பறிக்கிற பெண்கள் அதைக் கேட்டு, "வாத்தியாரு போறாரு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஓடுகிற பைத்தியம் என்று அதற்குள் மலை முழுக்கப் பெயராகிவிட்டதால், உடம்பு யாருக்குச் சரியில்லை என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கு என்பதுதான் தெரிந்துவிட்டதே.

என்னிடம் இருக்கிற வருஷங்களில், ஓடும்போது என் வலது கையில் ஒரு கல் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவிலிருந்து சுருண்டு சுருண்டு விரிகிற வரிகள். ஏற்றத்தில் கட்டைவிரலை அந்த வரியில் வைத்து அழுத்தினால் கால் இன்னும் நாலு எட்டு வைக்கும். என்ன விஞ்ஞானம் என்று கேட்காதீர்கள், வாத்தியார் என்பதற்காக எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்க முடியாது.

அது ஏற்காட்டுக் கல் அல்ல. இங்கே உள்ள பாறை, உலகத்தில் நத்தை என்று ஒன்று பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இறுகிப்போனது. அதில் ஓடு, எலும்பு என்று தேடிப் பிரயோஜனமில்லை என்று மாணவர்களிடம் வருஷா வருஷம் சொல்கிறேன். என் கல் அரியலூர்ப் பக்கத்தது. எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த இடம். வறண்ட ஓடையில் இறங்கி மண்ணைக் கிளறினால் சிப்பி வரும், நத்தை வரும், எல்லாம் கல்லாக. படித்தவர்கள் புதைபடிவம் என்பார்கள். எங்களுக்கு அது நத்தைக்கல். குனிந்த தலையோடு அந்த ஓடையில் அலைந்து வளர்ந்ததால், ஓடும்போதும் என் கண் தரையை விட்டு ஏறாது. மலைப்பாதையில் ஓடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. வேரிலும் உருட்டுக்கல்லிலும் கால் மாட்டாமல் நான் தப்பிப்பது அதனால்தான்.

இந்தக் கல்லை எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கண்டெடுத்தோம். முதலில் பார்த்தது அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தோண்டி எடுத்தது நான். யாருக்குச் சொந்தம் என்று அன்றைக்கே அடிதடி. அக்கா கல்லை என்மேல் வீசினாள். நான் குனிந்துகொண்டேன், கல் சுவரில் பட்டு ஓரத்தில் ஒரு சில்லு போயிற்று. அதைப் பார்த்து இரண்டு பேரும் அழுதோம். பிறகு நாங்களே ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஒரு வருஷம் அவளுக்கு, ஒரு வருஷம் எனக்கு. காணும் பொங்கலன்று கை மாறவேண்டும். கல் யாரிடம் இருக்கிறதோ அவர் இருக்கிற இடத்துக்கு மற்றவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுதான். ஆனால் அவள் கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனபிறகும் நிற்கவில்லை. நான் வேலை கிடைத்து மலை ஏறியபிறகும் நிற்கவில்லை. ஒரு பொங்கலுக்கு நான் போவேன், மறு பொங்கலுக்கு அவள் வருவாள்.

பிறகு அவளுடைய ஒரே மகளின் கல்யாணம் வந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான். பரீட்சை வேலை இருந்ததால் மனைவியை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டு, முகூர்த்தத்தன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் படுத்துவிட்டது. அடுத்த பஸ், அதற்கு அடுத்த பஸ் என்று பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமன் மாலையை மாப்பிள்ளை வீட்டு உறவில் யாரோ ஒருவர் போட்டு, முறையை முடித்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "தினம் மலையில ஓடுறியாமே? ஓடி வந்திருந்தாலும் நேரத்துக்கு வந்திருப்பியேடா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை, போன் இல்லை.

அதற்கடுத்து வந்த பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். முறை என் முறை. வாசலிலேயே கல்லைக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பகையாளி வந்தாலும் சாப்பிட்டுப் போ என்பார்கள். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றுதான் நினைத்துக்கொண்டேன்: எங்களைக் கட்டிப்போட்டிருப்பது இந்தக் கல் ஒன்றுதான். இதுவும் இல்லாவிட்டால் எனக்கு அக்கா இல்லை.

அப்படிப்பட்ட கல்லைத்தான் அடுத்த மார்கழியில் தொலைத்தேன்.

அந்தக் கொட்டச்சேட்டுப் பாதையில் ஒரு திருப்பம். பனிக்குள் ஏதோ பெரிதாகக் கருத்து நின்றது. பாறை என்று நினைத்தேன். பாறை மூச்சு விட்டது. காட்டெருமை. அதைப் பார்த்தால் ஓடக்கூடாது, அசையாமல் நின்று மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று வகுப்பில் நான்தான் பாடம் எடுப்பேன். திரும்பி ஓடினேன். இரண்டு கையையும் வீசி, வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. நின்றபோது காட்டெருமை பின்னால் வரவில்லை. கையில் கல்லும் இல்லை.

மறுநாளிலிருந்து அது ஓட்டம் அல்ல, தேடல். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. காலையில் பள்ளிக்கு முன், மாலையில் பள்ளிக்குப் பின். காப்பிச் செடிகளுக்கு அடியில் சருகைக் கிளறினேன். பழம் பறிக்கிற பெண்கள் என்னவென்று கேட்டார்கள். கல்லைத் தேடுகிறேன் என்றேன். அவர்கள் சுற்றிலும் கிடக்கிற கற்களைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கண்டுபிடித்தேன். பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சின்னத் தோட்டத்தின் ஓரம் பலாமரம். அதன் அடியில் மூன்று கற்களை நட்டுக் கும்பிட்டு வந்தார்கள், நான் முன்பே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான்கு கல் இருந்தது. நான்காவது கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திப்பூ சாத்தி, முன்னால் அகல் ஏற்றியிருந்தது. மஞ்சளுக்கு அடியில் வரி சுருண்டு சுருண்டு போயிற்று.

என் கை நீண்டது. "ஏனுங்க! சாமிகிட்டக் கை வெக்கறீங்க?" என்று ஒரு குரல். தோட்டத்துக்காரம்மா. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் காப்பிப்பழக் கூடை. சொந்தமாகக் கொஞ்சம் காப்பி, நாலு ஆரஞ்சு மரம், ஒரு மாடு என்று வைத்திருப்பவர்.

அது என் கல் என்றேன்.

"சாமி யாருக்குச் சொந்தம்னு எப்படிங்க சொல்றது? எம் மாடு ரெண்டு நாளாக் காணாமப் போயித் தேடிட்டு இருந்தேனுங்க. வழியில இவரு சக்கரத்தோட கெடந்தாரு. எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஊட்டுக்கு வந்தா, மாடு கட்டுத்தறியில நிக்குதுங்க!"

நான் அது கடல்நத்தை, செத்துக் கல்லாய்ப் போனது என்று விளக்கினேன். அவர் முழுதும் கேட்டார். "சரிங்க. செத்தும் இத்தன காலம் அழியாம இருக்குதுன்னா, அதான சாமி?" என்றார்.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். அக்காவையும் முறையையும் சொன்னேன். ஓரத்தில் மஞ்சளைத் துடைத்துப் பார்த்தால் சில்லு போயிருக்கும், அக்கா என்மேல் வீசியது என்றேன். அவர் முந்தானையால் மெல்லத் துடைத்தார். சில்லு இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிய வீசியா எறிஞ்சீங்க? உங்கூட்டுல நொம்பத் துணிச்சலுங்க."

நம்பிவிட்டார். ஆனாலும் கொடுக்கவில்லை. மாடு வந்ததற்கு மாட்டுப்பொங்கலன்று இங்கேயே பொங்கல் வைப்பதாக வேண்டியிருக்கிறாராம். "வேண்டுதல முடிக்காம அனுப்பினா நல்லாவா இருக்கும்? மறுநாள் உங்கக்காவக் கூட்டிட்டு வாங்க. அவிங்க கையிலயே குடுக்கறேன்."

மறுநாள் என்பது காணும் பொங்கல். அக்கா வருகிற நாள். அவள் வந்தாள். கல்லை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிற முகத்தோடு வாசலிலேயே நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல் இப்போது சாமியாக இருக்கிறது என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "வழியக் காட்டு" என்றாள். அரியலூர் வெயிலில் காட்டுமேட்டில் நடந்து பழகிய கால். தினமும் ஓடுகிறவன் நான், அவள் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு போனேன்.

பலாமரத்தடியில் கல்லைப் பார்த்து, பூவைப் பார்த்து, முந்தின நாள் பொங்கல் வைத்த அடுப்புக்கல்லைப் பார்த்து, அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "ஏம்மா, எங்க வீட்டுல காத்துக்குக் கதவு அடிக்காம இருக்க இதத்தான் அண்டக் குடுப்பேன்!"

"சாமியவா!" என்றார் தோட்டத்துக்காரம்மா.

"எனக்கு அப்ப தெரியாதே" என்று சொல்லி அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் மாட்டைப் பற்றிப் பேசினார்கள், மகள்களைப் பற்றிப் பேசினார்கள், என்னைப் பற்றியும் பேசினார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், அது யாருக்கும் தடையாக இல்லை.

எழுந்திருக்கும்போது தோட்டத்துக்காரம்மா கல்லை அக்கா கையில் கொடுத்தார். கொடுத்த கை உடனே கீழே இறங்கவில்லை. "ஏனுங்க அக்கா, முறைன்னு சொல்றீங்களே, அதுல எனக்கும் ஒரு முறை குடுக்கக் கூடாதுங்களா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "மூணு முறையா வெச்சுக்குவோம். இந்த வருஷம் எனக்கு. அடுத்த வருஷம் உனக்கு. அதுக்கடுத்த வருஷம் இவனுக்கு."

"நான் ஏன் கடைசி?" என்று குதித்தேன்.

"முகூர்த்தத்துக்கு லேட்டா வந்தவனுக்குக் கடைசிப் பந்திதான்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அந்த அம்மாவிடம் சொன்னாள். இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அக்கா என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

அடுத்த பொங்கலுக்கு நான் போய்க் கல்லை வாங்கி வந்தேன், பலாமரத்துக்காக. தூதுவன் வேலை. அக்கா வீட்டில் ஒரு பெரிய பை தயாராக இருந்தது. முறுக்கு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. "எல்லாம் அவளுக்கு. வழியில பிரிக்காத" என்றாள். எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கிடைத்தது. போன தடவைக்கு அது முன்னேற்றம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, வலித்தது.

இந்த வருஷம் என் முறை. மார்கழி பிறந்ததிலிருந்தே குஷியாக இருந்தேன். இரண்டு வருஷமாக வெறுங்கையோடு ஓடியவன். போகியன்று ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கல் இருப்பது பலாமரத்தடியில். வாங்கவேண்டியவன் நான். ஓடிப்போனால் முக்கால் மணி நேரம். இதில் அக்கா வரவேண்டிய வேலையும் இல்லை, நான் அவளிடம் போகவேண்டிய வேலையும் இல்லை. நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, எங்கள் முறைப்படியே நாங்கள் சந்திக்காமல் இருந்துவிடலாம்.

போன் செய்யலாம் என்று எடுத்தேன். என்ன சொல்வது? வா என்றால் எதுக்கு என்பாள். வைத்துவிட்டேன். எனக்கு ரோஷமும் உண்டு, புத்தியும் கொஞ்சம் குறைவு.

காணும் பொங்கலன்று காலை கிளம்பினேன். பனி கொஞ்சமாகத்தான் இருந்தது. காப்பி பறிப்புக்கு விடுமுறை, பாதையில் ஆள் இல்லை. வழக்கமாகச் சிரிப்பு வருகிற இறக்கத்தில் அன்றைக்கு வரவில்லை. திருப்பத்தில் நின்று, பாறை பாறைதானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடினேன்.

பலாமரத்தடியில் புகை எழுந்தது. தோட்டத்துக்காரம்மா பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்து, பல்லால் கரும்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள் அக்கா.

நின்றுவிட்டேன்.

"ஏன்டா ஓட்டக்காரா, இன்னைக்கும் லேட்டா?" என்றாள்.

"நேத்தே வந்துட்டாங்க சார். எங்கூட்டுலதான் படுத்தாங்க" என்றார் அந்த அம்மா. என் அக்கா நான் இருக்கிற மலைக்கு வந்து, என்னிடம் சொல்லாமல், அடுத்தவர் வீட்டில் தங்கியிருக்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று காட்டிக்கொண்டு மரத்தைப் பிடித்து நின்றேன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கல்லை எடுத்து, பூவை மற்ற மூன்று கற்களுக்கும் பிரித்து வைத்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் தானாக வரியில் போய் உட்கார்ந்தது.

"உன் முறை இல்லையே, எதுக்கு வந்த?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் அப்படி.

"பேரனுக்குக் காது குத்துறோம். தை கடைசியில" என்றாள். "எம் மகளுக்குக் கூடப் பொறந்தவன் கிடையாது. பிள்ளைய உன் மடியிலதான் உக்கார வெச்சுக் குத்தணும்."

தலையை மட்டும் ஆட்டினேன். பத்து பதினைந்து தடவை ஆட்டியிருப்பேன்.

"பஸ்ஸ நம்பாத. இப்பவே ஓட ஆரம்பி" என்றாள்.

நிஜமாகவே ஓட ஆரம்பித்தேன். எங்கே என்று தெரியாது, நின்றால் அழுதுவிடுவேன் என்பது மட்டும் தெரியும். பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் பள்ளம் முழுக்கக் கேட்டது.

"டேய்! சாப்பிட்டுட்டு ஓடுடா!"